நன்றியைக் கையால் சொல்லக் கற்றுக்கொடுப்பது எப்படி?

யாராவது ஏதாவது கொடுத்தவுடன் பிள்ளையின் முதுகில் லேசாகத் தட்டி "தேங்க்ஸ் சொல்லு" என்கிறோம். பிள்ளையும் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது. அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால் கொடுத்தவர் அதற்காக என்ன பாடுபட்டார் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. தெரியாத உழைப்புக்கு மனதிலிருந்து நன்றி வராது. அதனால் வேறு இடத்தில் தொடங்க வேண்டும். தனக்காக ஒருவர் செய்யும் வேலையைப் பிள்ளை முதலில் பார்க்க வேண்டும். அந்த வேலையில் எது கஷ்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு அந்தக் கஷ்டத்தில் ஒரு சிறு பங்கைத் தன் கையால் குறைக்க வேண்டும்.

நம் ஊரில் இது புதிதல்ல. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பொங்கல் ஊட்டுகிறோம். ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையில் தொடங்கி தையல் மிஷின் வரை துடைத்துப் பொட்டு வைக்கிறோம். இரண்டுமே கையால் சொல்லும் நன்றிதான். ஆண்டுக்கொரு முறை மாட்டுக்கும் கருவிக்கும் செய்வதை, நம்மைச் சுற்றியுள்ள மனிதர்களுக்கு அன்றாடம் செய்யப் பழக்குவதற்கான வழிமுறை இது.

முதல் நான்கு வாரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று காலை எழுந்ததிலிருந்து யார் யார் வேலை செய்ததால் அந்த நாள் நடந்தது என்று இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மாவு அரைத்தவர், பால் போட்டவர், தெருக்குழாயில் தண்ணீர் திறந்துவிட்டவர், பள்ளி ஆட்டோ ஓட்டுபவர், குப்பை எடுப்பவர், கடைக்குக் காய்கறி கொண்டுவந்தவர். பத்துப் பன்னிரண்டு பேராவது வருவார்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையலாம். இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்தால் பாடம் நடத்துவதாக ஆகிவிடும்.

பட்டியலில் ஒருவரை மட்டும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். முதல் ஆள் வீட்டுக்குள் இருப்பவராக, அம்மாவாகவோ பாட்டியாகவோ இருந்தால் எளிது. அவர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உதவியின் பலனும் அன்றே தெரியும்.

முதல் வாரம் பார்ப்பது மட்டும். இரண்டு நாள், பதினைந்து பதினைந்து நிமிடம். சும்மா பார் என்றால் பிள்ளைக்கு அலுத்துவிடும், எண்ணச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை பாத்திரம் விழுகிறது? பாட்டி எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார்?

இரண்டாம் வாரம் ஒரே ஒரு கேள்வி: "இதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்?" பிள்ளைதான் கேட்க வேண்டும், நீங்கள் இடையில் புகுந்து பதில் சொல்லக் கூடாது. பதில் பெரும்பாலும் நாம் நினைத்ததாக இருக்காது. பாத்திரம் தேய்ப்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருப்போம். அம்மாவுக்கோ, இரவு ஒன்பது மணிக்குப் புத்தகப் பையைத் துழாவி, காய்ந்து ஒட்டிப்போன டிபன் பாக்ஸை எடுப்பதுதான் எரிச்சலாக இருக்கும்.

மூன்றாம் வாரம், அந்தப் பதிலிலிருந்து ஒரு வேலை. பள்ளியிலிருந்து வந்த ஐந்து நிமிடத்துக்குள் டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சத்தைத் தட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது. அவ்வளவுதான். முதல் மூன்று நாள் நீங்கள் கூடவே நில்லுங்கள். நான்காம் நாளிலிருந்து "பை" என்று ஒரு சொல் நினைவூட்டினால் போதும்.

நான்காம் வாரம் நினைவூட்டாமல் விட்டுப் பாருங்கள். ஓரிரு நாள் தவறும், அது இயல்பு. வாரக் கடைசியில் உதவி பெற்றவர், தனக்கு என்ன மாறியது என்பதைப் பிள்ளையிடம் நேரடியாகச் சொல்ல வேண்டும்: "இந்த வாரம் ராத்திரி பாத்திரம் சீக்கிரமா முடிஞ்சுது. கொஞ்ச நேரம் உன்கூட உட்கார முடிஞ்சுது." இந்த இரண்டு வாக்கியத்தை விட்டுவிட்டால் முதல் மூன்று வார உழைப்பில் பாதி வீண். தன் கை பட்டதால் இன்னொருவரின் பொழுது இலகுவானது என்பது பிள்ளைக்குத் தெரியவரும் இடம் அதுதான்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயம் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு நாள் மறந்தாலும் யாருக்கும் ஆபத்து வரக் கூடாது. பிள்ளையைச் சமாளிக்கவென்று கொடுத்த விளையாட்டாக இல்லாமல், உண்மையில் ஒருவரின் சுமையைக் குறைக்க வேண்டும். கடைசி விஷயத்தில் ஏமாற்றினால் ஐந்து வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

எந்த வயதில் எது

உதவும் விருப்பம் நாம் ஊட்ட வேண்டியதல்ல, முன்பே இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றரை வயதுக் குழந்தைகள், முன்பின் தெரியாத ஒருவர் கைநழுவவிட்ட துணி கிளிப்பை, யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தன. இரண்டு வயதுக் குழந்தை துடைப்பத்தைப் பிடுங்குவதும் மாவில் கைவிடுவதும் அதே விருப்பத்தால்தான். "போ, அந்தாண்ட போய் விளையாடு" என்று பலமுறை விரட்டிய பிறகு, பத்து வயதில் கூப்பிட்டால் எப்படி வரும்? இரண்டு, மூன்று வயதில் நேரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, கையில் ஒன்றைக் கொடுங்கள். உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போடுவது, காய்ந்த துணியில் தன் துணியைப் பிரிப்பது, தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை எடுத்துவருவது.

நான்கு வயதை ஒட்டித்தான், தான் நினைப்பதும் அடுத்தவர் நினைப்பதும் வேறு வேறு என்பது பிள்ளைகளுக்குத் தெளிவாகப் பிடிபடத் தொடங்கும். அதற்கு முன் "பாட்டிக்கு எவ்வளவு வலிக்கும்னு யோசிச்சுப் பாரு" என்பதால் பலனில்லை. மூன்று வயதுக்குச் செயலைச் சொல்லுங்கள், ஐந்து வயதுக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏழு முதல் பத்து வயது இதற்கு மிக நல்ல பருவம். பாட்டிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கலாம், பத்து நிமிடம் நாளிதழ் வாசித்துக் காட்டலாம், தாத்தாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, அடிக்கடி அழைக்கும் நான்கு எண்களை முகப்பில் வைத்துக் கொடுக்கலாம். மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் வேண்டாம். அட்டையில் உள்ள பெயரைப் படித்துச் சொல்லலாம், எடுப்பது பெரியவர் கை. அதேபோல் அடுப்பு, அரிவாள்மணை, ஆசிட், உடைந்த கண்ணாடி நான்கும் விலக்கு. வீட்டுக்கு வெளியே யாருக்கு உதவப் போனாலும் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி, நன்றி சொல்லவென்று பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள்.

வாசலுக்கு வருபவர்கள்

வீட்டுக்குள் இரண்டு மூன்று வேலை படிந்த பிறகு வெளியே வரலாம். முதலில் நினைவுக்கு வர வேண்டியவர் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர். நாம் ஒழுங்கில்லாமல் போட்டதன் வலி நேராக அவர் கைக்குத்தான் போகிறது. அவருக்குச் செய்யும் நன்றியில் முக்கால் பங்கு, அவர் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் முடிந்துவிட வேண்டும்.

பால் பாக்கெட்டில் தொடங்குங்கள், ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொருத்தமான வேலை. மூலையை வெட்டும்போது துண்டாக்கிவிடாமல், சிறு துணுக்கு பாக்கெட்டோடு ஒட்டியபடி இருக்குமாறு நீங்கள் வெட்டிக் கொடுங்கள். தனியே விழும் துணுக்கு யார் கைக்கும் சிக்காமல் மண்ணுக்குப் போய்விடும். காலியான பாக்கெட்டில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதைச் செடிக்கு ஊற்றி, கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடுவது பிள்ளையின் வேலை. கழுவாத பாக்கெட் மறுநாளே நாறும். அந்த நாற்றத்தோடு நின்று பிரிப்பவர் ஒரு மனிதர் என்று சொல்லிக் கொடுங்கள்.

ஈரக் குப்பையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போடக் கூடாது. வண்டி அருகே அதைக் கையால் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கும். மூடியுள்ள சிறு வாளியில் அப்படியே வைத்தால் கவிழ்த்துக்கொண்டு போய்விடுவார். வீட்டில் கண்ணாடி உடைந்தால் பெரியவர் அதை நாலைந்து தாள் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டட்டும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "உடைந்த கண்ணாடி" என்று எழுதுவது பிள்ளையின் பங்கு. தம்பி தங்கையின் டயப்பரையும் நாப்கினையும் தாளில் சுற்றிச் சிவப்பு மையால் குறியிட வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். ஆண் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரிக்கிறவர் தெரியாமல் கை வைத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

இதெல்லாம் நடந்த பிறகு வரவேற்பு. ஏப்ரல், மே வெயிலில் நீர்மோர் நல்லது. இரண்டு பேருக்கு அரை டம்ளர் தயிர், ஒன்றரை டம்ளர் குடிதண்ணீர், கால் டீஸ்பூன் உப்பு, கிள்ளிய கறிவேப்பிலை. இஞ்சியைப் பெரியவர் தட்டிக் கொடுத்தால் ஏழு வயதுப் பிள்ளை மத்தால் கடைந்துவிடும். காலையில் கலந்து மதியம் வரை வெளியே வைத்தால் புளித்துப்போகும், வரும் நேரத்துக்கு அரை மணி முன்பு கலந்தால் போதும். மோரை நீட்டுவதற்கு முன் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் கொடுக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறோம். குப்பை அள்ளிய கையோடு அவர் எப்படிக் குடிப்பார்? "அக்கா, மோர் குடிக்கிறீங்களா? கை கழுவ இங்க தண்ணி இருக்கு" என்று பிள்ளை கேட்கட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. அன்று அவருக்கு நேரமில்லாமல் இருக்கலாம்.

வீட்டில் நாம் குடிக்கும் அதே டம்ளரில் கொடுங்கள். தனி டம்ளர் வைத்தால், பிள்ளை அன்று கற்றுக்கொள்வது நன்றியை அல்ல, தீண்டாமையை. "வா, போ" என்று நாம் பேசினால் பிள்ளையும் அதையே பேசும். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்கா, அண்ணன், அம்மா என்று வயதுக்கேற்ற முறை சேர்த்துக் கூப்பிடப் பழக்குங்கள். நேற்று மிஞ்சிய சோற்றையும், நாம் உடுத்த முடியாத கிழிந்த துணியையும் கொடுப்பது நன்றியில் சேராது. பண்டிகைக்குக் கொடுப்பதென்றால் வீட்டுக்கு வாங்கிய அதே இனிப்பு, அதே தரத்தில் துணி.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்குச் செய்வது இதைவிட எளிது. வீட்டு சிலிண்டரில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பு உருளையின் எடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிலோ. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் எடையை ஒட்டியோ அதைத் தாண்டியோ வரும் பாரம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறுகிறார். டெலிவரி வரும் நாளில் படியில் கிடக்கும் செருப்பு, சைக்கிள், பூந்தொட்டி எல்லாவற்றையும் ஓரமாக்குவது, மாடிப்படி விளக்கைப் போடுவது, கதவைத் திறந்து பிடித்துக்கொள்வது, ஒரு சொம்பு தண்ணீரோடு நிற்பது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், இந்த நான்கையும் எட்டு வயதுப் பிள்ளையே செய்துவிடும்.

பள்ளிக்கூடத்தில்

தமிழ்நாட்டில் 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் சாப்பிடும் பிள்ளைகளுக்கு, பட்டியலில் அடுத்து வர வேண்டியவர்கள் சமையலரும் சமையல் உதவியாளரும். வரிசை குலையாமல் நிற்பதும், "கொஞ்சம் போதும்மா" என்று முன்கூட்டியே சொல்லி வேண்டிய அளவு மட்டும் வாங்குவதும், தட்டில் ஒட்டியதை வாளியில் வழித்துவிட்டுக் கழுவுவதும், முட்டை ஓட்டைத் தரையில் போடாமல் இருப்பதும் அவர்களுக்கு நேரடி உதவி. வருடக் கடைசியில் வகுப்பே சேர்ந்து, அவர்கள் பெயர் எழுதி ஒரு கடிதம் கொடுக்கலாம். அதில் "நன்றி" என்ற சொல் மட்டும் இருந்தால் போதாது. "வெள்ளிக்கிழமை சோறு குழையாம இருந்துச்சு" என்பதுபோல ஒவ்வொரு பிள்ளையும் தான் கவனித்த ஒன்றை எழுத வேண்டும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தன் தட்டு, தன் இடம், தன் வகுப்பறை, இவற்றோடு பிள்ளையின் பங்கு நிற்க வேண்டும். கழிவறை கழுவுவதையோ சமையல் கூட வேலையையோ உதவி என்ற பெயரில் பிள்ளைகள் மீது சுமத்தக் கூடாது. வகுப்பறையைப் பெருக்கும் முறை வருகைப் பதிவேட்டின் வரிசையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும். சில பிள்ளைகளை மட்டும் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது அநீதி.

பிறந்தநாளும் இல்லங்களும்

பிள்ளையின் பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்க் கேக் வெட்டுவது பரவலாகிவிட்டது. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனாலும் அங்கிருக்கும் பிள்ளைகளின் பக்கம் நின்று பாருங்கள். வாரம் தவறாமல் யாரோ ஒரு பிள்ளைக்காக வரிசையில் நின்று வாழ்த்துப் பாட வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். நம் பிள்ளையோ தன்னை வள்ளலாகவும் அவர்களை இரப்பவர்களாகவும் பார்க்கப் பழகிவிடும்.

அதற்குப் பதிலாக, ஒரு வாரம் முன்பே இல்லப் பொறுப்பாளரிடம் பேசி என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் துவரம்பருப்பு, சோப்பு, உள்ளாடை, கோடு போட்ட நோட்டு என்று சாதாரணமானவையாகவே இருக்கும். பிள்ளை தன் உண்டியலிலிருந்து ஒரு பங்கு போடட்டும், கடைக்கு வந்து தூக்கட்டும், அலுவலக அறையில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வரட்டும். போட்டோ வேண்டாம், ஸ்டேட்டஸும் வேண்டாம். யார் முன்னாலும் கேக் வெட்டவும் வேண்டாம்.

கெட்டுப்போகும் இடங்கள்

பெரும்பாலும் பரிசு கொடுப்பதில்தான் கெடுகிறது. "பாட்டிக்குத் தண்ணி கொடுத்தா சாக்லேட்" என்று ஆரம்பித்தால், சாக்லேட் நிற்கும் நாளில் தண்ணீரும் நிற்கும். மேலே சொன்ன உளவியலாளர்கள் வார்னெகனும் டொமசெல்லோவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற இருபது மாதக் குழந்தைகள், பரிசே பெறாத குழந்தைகளைவிடப் பிறகு குறைவாகவே உதவின. கைச்செலவுக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் அதைத் தனியாகக் கொடுங்கள், உதவியோடு முடிச்சுப் போடாதீர்கள். "சமத்து, தங்கம்" என்று பொதுவாகப் புகழ்வதைவிட, நடந்ததைச் சொல்வது மேல்: "நீ நாற்காலிய ஓரமா வச்சதால தாத்தா தடுக்காம நடந்து வந்தாரு."

இரண்டாவது, கடன் கணக்கு. "உனக்காக எவ்வளவு கஷ்டப்படறோம், இதுகூடச் செய்ய மாட்டியா?" என்ற ஒரு வாக்கியம் நன்றியைக் குற்ற உணர்ச்சியாக மாற்றிவிடும். குற்ற உணர்ச்சியில் உதவும் பிள்ளை, அதிலிருந்து தப்பிக்கும் வழியையும் தேடிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, அக்கா தட்டு எடுக்க, தம்பி உட்கார்ந்திருப்பது. பெண் பிள்ளை செய்தால் கடமை, ஆண் பிள்ளை செய்தால் பாராட்டு என்று இருந்தால், இருவருமே நன்றியைக் கற்கப்போவதில்லை. வேலைப் பட்டியலை வாரம் மாற்றி வாரம் இருவருக்கும் கைமாற்றுங்கள். அப்பாவின் பெயரும் அதில் இருக்க வேண்டும். அப்பா தன் தட்டைத் தானே எடுக்கும் வீட்டில் மகனுக்குத் தனியாகச் சொல்லித்தர அதிகமாக எதுவும் இருக்காது.

பிள்ளை மடித்த துணியை அதன் கண்ணெதிரே பிரித்து மறுபடி மடிப்பது இன்னொன்று. கோணலாக இருந்தால் அன்று அப்படியே அலமாரிக்குப் போகட்டும். அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் ஒன்று, பிள்ளை ஒன்று என்று மடியுங்கள்.

பிள்ளை முடியாது என்று அடம்பிடித்தால் முதலில் நேரத்தைப் பாருங்கள். பள்ளியிலிருந்து பசியோடு வந்த நேரமோ, விளையாட்டின் நடுவிலோ கூப்பிட்டிருப்பீர்கள். சாப்பிட்ட பிறகு கேளுங்கள், அல்லது "இன்னும் பத்து நிமிஷத்துல கூப்பிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்படியும் மூன்று நாள் தொடர்ந்து மறுத்தால் அந்த வேலை அதற்குப் பெரிது, பாதியாக்குங்கள். வெட்கப்படும் பிள்ளையை வாசலில் நிறுத்தி எல்லார் முன்னும் பேசவைக்க வேண்டாம். நீங்கள் பேசுங்கள், அது டம்ளரை மட்டும் நீட்டட்டும்.

உதவியவர் பக்கத்தில் இல்லாதபோது

மாற்றலாகிப் போன டீச்சர், ஊரைவிட்டுப் போன பக்கத்து வீட்டு அண்ணன் என்று சிலருக்குத் திருப்பிச் செய்ய வழியிருக்காது. அப்போது அவர் செய்த அதே உதவியை அடுத்த ஒருவருக்குச் செய்வதுதான் முறை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். பத்தாம் வகுப்பில் சீனியர் ஒருவரின் கைடும் நோட்ஸும் கிடைத்துப் படித்த பிள்ளை, தேர்வு முடிந்ததும் தன்னுடையதை அடுத்த பிள்ளைக்குத் தயார் செய்யட்டும். பென்சிலில் எழுதிய விடைகளை அழிப்பது, கிழிந்த பக்கத்தை டேப் போட்டு ஒட்டுவது, பாட வரிசைப்படி நோட்ஸை நூலால் கட்டுவது, தனக்குப் புரியாமல் போய் பிறகு புரிந்த இடங்களில் ஓரத்தில் ஒரு வரி விளக்கம் எழுதுவது. இரண்டு மூன்று மாலைப் பொழுது பிடிக்கும். சீருடையும் சிறியதாகிவிட்டிருந்தால் துவைத்து, அறுந்த பட்டனைத் தைத்து, இஸ்திரி போட்டுச் சேர்த்துக் கொடுக்கலாம். சாயம் போனதையும் கிழிந்ததையும் தனியே எடுத்துவிடுங்கள். மே மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும், ஜூனில் பள்ளி திறந்த பிறகு கொடுத்தால் அந்த வீட்டில் ஏற்கெனவே காசு போட்டு வாங்கியிருப்பார்கள்.